எட்டாம் அறையிலிருந்து ஒரு தட்டல்

பாங் கிதேவின் லேப்டாப் இரையத் தொடங்கினால் மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கும். மாடி என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். யோங்துங்போ ரயில் நிலையத்துக்குப் பின்னால், பன்றிக் குடல் வறுக்கிற கடைக்கு மேலே, ஒரு ஒடுக்கமான நடை. அதன் இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஆள். கையை விரித்தால் இந்தச் சுவரும் அந்தச் சுவரும் தட்டுப்படும். சுவர் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான், அது வெறும் ஒட்டுப்பலகை. பக்கத்து அறைக்காரன் சட்டைக்குப் பொத்தான் போடுவதுகூடக் கேட்கும் என்று அங்கே இருப்பவர்கள் கேலியாகச் சொல்வார்கள். சியோலில் இந்த மாதிரி இடத்துக்குக் கோஷிவொன் என்று பெயர். ஒரு காலத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கட்டியதாம். இப்போது இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பரீட்சை எழுதுகிற வயது எப்போதோ போய்விட்டது.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. மூன்றாம் ரூம், ஆறாம் ரூம், பதினோராம் ரூம் என்றுதான் கூப்பிடுவார்கள். கிதே ஏழாம் ரூம். செருப்பை வாசல் அலமாரியில் கழற்றிவிட்டு, காலுறையோடு பூனை மாதிரி நடந்து உள்ளே வர வேண்டும். போனில் பேச வேண்டுமென்றால் மாடிப்படிக்குப் போய்விட வேண்டும். தும்மலைக்கூட அடக்கித் தும்முகிற ஆட்கள் இருந்தார்கள். சமையலறையில் பொதுவாக ஒரு பெரிய சாதக் குக்கரும் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவும் உண்டு. எத்தனை கிண்ணம் வேண்டுமானாலும் தின்னலாம், மேங் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள்தான் அந்த இடத்தின் முதலாளியம்மா. சாதத்தில் தாராளம், சத்தத்தில் கறார்.

கிதேவோ சத்தத்திலேயே வளர்ந்தவன். கோழி வறுக்கிற கடை வைத்திருந்தான். எண்ணெய் கொதிக்கிற சத்தமும் புகைபோக்கி இரைகிற சத்தமும் காலை முதல் காதில் இருக்கும். அவனும் கத்தித்தான் பேசுவான், அவன் மனைவியும் கத்தித்தான் பேசுவாள், வாடிக்கையாளர்களுக்கு அதெல்லாம் பழக்கம். பிறகு கடை படுத்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தேஜோனில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான். நாற்பத்தைந்து வயதில் ஒரு பெட்டியும், மகளுக்கென்று வாங்கி அவள் வேண்டாமென்று விட்டுப்போன லேப்டாப்பும் கையில் மிஞ்ச, கிதே இந்த மாடிக்கு வந்து சேர்ந்தான்.

அந்த லேப்டாப்தான் இப்போது அவனுக்குச் சோறு போட்டது. அவன் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். அடுத்தவர்களுடைய விளையாட்டை ஆடிக்கொடுப்பான். ஆபீஸ் போகிறவர்களுக்கு விளையாட ஆசை இருக்கும், நேரம் இருக்காது. தங்கள் வீரனை இவனிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். இவன் பகலெல்லாம் அந்த வீரனைக் கொண்டு ராட்சசர்களை வெட்டிச் சாய்த்து, வாளும் கவசமும் சேர்த்து, சாயங்காலம் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பான். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போகிற மாதிரிதான். இதற்கு நல்ல மிஷின் வேண்டும். நல்ல மிஷின் என்றால் சூடு. சூடு என்றால் ஃபேன். ஃபேன் என்றால் சத்தம். வாடகைக்கு மிஷின் கிடைக்கிற விளையாட்டுக் கூடங்களுக்குப் போனால் சம்பாதிப்பதெல்லாம் அவர்களுக்கே போய்விடும். ஆக, இந்த அறைதான் அவனுக்குக் கடை, இந்த அறைதான் வீடு. இதுவும் போனால் அடுத்து ரயில் நிலையத்தின் தரைதான். அங்கே அட்டையை விரித்துப் படுத்திருப்பவர்களைக் கிதே தினமும் பார்க்கிறான். அவர்களைக் கடக்கும்போது மட்டும் அவன் நடை வேகமாகிவிடும்.

மேங் அம்மா அவனை இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். இரண்டாவது முறை முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏழாம் ரூம்காரரே, உங்க ரூம்ல என்ன, ஹெலிகாப்டர் வச்சிருக்கீங்களா? மறுபடியும் புகார் வந்திருக்கு. மூணாவது வந்துச்சுன்னா பெட்டியைக் கட்டிடுங்க. நான் கெட்டவ இல்ல. ஆனா இங்க சத்தம் போடாம இருக்கிறதும் வாடகையில சேர்த்திதான்."

"யார் சொன்னாங்க முதலாளியம்மா?"

"அதைச் சொன்னா நாளைக்கு ரெண்டு பேரும் கிச்சன்ல முட்டிக்குவீங்க. போங்க, சாதம் சூடா இருக்கு, போய்ச் சாப்பிடுங்க."

யார் என்று கேட்டானே தவிர, அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. எட்டாம் ரூம் கிழவர்தான். மா தல்சு என்று பெயர். இன்ச்சோன் பக்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாதவர். பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு மாடியில் இருப்பது அவரும் கிதேவும் மட்டுமே. கிதேவின் ஃபேன் திடீரென்று எகிறினால் போதும், சுவரில் டக் டக் என்று இரண்டு தட்டு விழும். கிழவர் முதுகு சொறிகிற மூங்கில் குச்சியால்தான் தட்டுவார். அந்த ஊரில் அதற்கு 'நல்ல பிள்ளை கை' என்று பெயர். பிள்ளை இல்லாதவரிடம் அது இருந்ததை நினைத்துக் கிதே ஓரிரு முறை கெட்டத்தனமாகச் சிரித்துக்கொண்டதுண்டு.

அந்த இரண்டு தட்டும் விழுந்தவுடன் அவன் கை தானாகப் போய் ஃபேனைக் குறைக்கும். குறைத்தால் மிஷின் கொதிக்கும். விசைப்பலகையில் விரல் வைக்க முடியாது. சூடு தாங்காமல் மிஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், திரையில் வீரன் சேற்றில் நடப்பவன் போலத் தள்ளாடுவான், ராட்சசன் ஒரே அறையில் அவனைச் சாய்த்துவிடுவான். கூட ஆடுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், இங்கே ஒரு கிழவர் சுவரைத் தட்டுகிறார் என்று?

எனவே கிதே ஃபேனைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். இணையத்தில் அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. இத்தனை டிகிரி சூட்டுக்கு ஃபேன் இத்தனை வேகம் என்று படிப்படியாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒருவருக்கொருவர் காட்டி மார்தட்டிக்கொள்கிற கூட்டம். அவர்கள் சொன்னபடியெல்லாம் செய்தான். லேப்டாப்பின் பின்பக்கத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்துத் தூக்கினான். அடியைக் கழற்றி, பஞ்சு மாதிரி அடைந்திருந்த தூசியை எடுத்தான். உள்ளே காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்துகிற பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். விளையாட்டில் படம் ஓடுகிற வேகத்தைக் கட்டுப்படுத்தினான். அதெல்லாம் செய்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. மனிதக் காதுக்குச் சத்தம் அவ்வளவு பகையில்லை. சத்தம் ஏறுவதும் இறங்குவதும்தான் பகை. ஒரே சீராக இரைந்தால் சிறிது நேரத்தில் காது அதை மறந்துவிடுகிறது. திடீரென்று எகிறினால்தான் கிழவர் குச்சியை எடுக்கிறார்.

சத்தத்தை அளக்க அவனிடம் கருவி எதுவும் இல்லை. போனில் ஒன்றை இறக்கிப் பார்த்தான், அது கீழ்க்கடையில் குடல் வறுக்கிற சத்தத்தையும் சேர்த்துக் காட்டியது. ஆகவே கிழவரின் தட்டலையே அளவுகோலாக வைத்துக்கொண்டான். கோட்டை ஒரு படி ஏற்றிப் பார்ப்பான். தட்டு விழுந்தால் அது ஆகாது. விழாவிட்டால் ஆகும். பலமான தட்டு என்றால் ரொம்ப மோசம், மெல்லிய தட்டு என்றால் கொஞ்சம் பரவாயில்லை. பெரியவர் காது அவனுக்கு மீட்டராகிவிட்டது. கூலி இல்லாத மீட்டர் என்று தனக்குள் கேலியும் செய்துகொள்வான்.

இத்தனைக்கும் இருவரும் அதைப் பற்றி நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மாடியின் நாகரிகம் அப்படி. சுவர் வழியாக எத்தனை சண்டை போட்டாலும் சமையலறையில் பார்த்தால் தலை குனிந்து வணங்க வேண்டும், சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். கிழவர் குக்கரின் அடியில் ஒட்டிய பொறுக்கைச் சுரண்டிக்கொண்டே பேச்சைத் தொடங்குவார்.

"ஏழாம் ரூம், சாப்டாச்சா?"

"ஆச்சுங்க ஐயா. நீங்க?"

"இதோ. மத்தியானம் காத்து பலமா அடிச்சுதே, கவனிச்சியா? ஜன்னல் இல்லாத ரூம்ல எனக்கே கேட்டுச்சு."

கிதேவுக்குக் காது சிவந்துவிடும். "இப்ப ஓஞ்சிடுச்சுங்க ஐயா. நாளைக்கு அடிக்காது."

"ரொம்பவும் ஓய விடாத. இஞ்சினுக்குக் காத்து வேணும்டா. நான் பஸ் ஓட்டினவன். காத்து போகாம அடைச்சா வண்டி நடுரோட்டுல நின்னுடும்." பொறுக்கை வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டே, "பயணிங்க திட்டுவாங்க" என்பார்.

இதைக் கேட்டு நெகிழ்ந்துபோக வேண்டியவன், ஆளைப் பார், நேரில் தேன், முதலாளியம்மாவிடம் போய்ப் புகார் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு அறைக்குத் திரும்புவான்.

சனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹான் ஆறு ஓரமெல்லாம் உறைந்து கிடந்தது. மேங் அம்மா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். ஆறாம் ரூம்காரர் எங்கோ கல்யாணத்துக்குப் போயிருந்தார், மற்றவர்களும் அறையில் இல்லை. கிதேவின் கையில் அன்று ஒரு வங்கிக்காரரின் வீரன் இருந்தான். சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய குகையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். மிகவும் நல்ல வாடிக்கையாளர். இவர் திருப்தியானால் கூட வேலை பார்க்கிறவர்களையும் அனுப்புகிறேன் என்றிருந்தார்.

குகையின் பாதியில் இருந்தபோது சுவரில் தட்டு விழுந்தது. வழக்கமான இரண்டு தட்டு இல்லை, நான்கைந்து, முன்னும் பின்னுமாக. டக் டக் என்று இல்லாமல் பொத் பொத் என்று இருந்தது. கிதே பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனை ஒரு படி இறக்கினான். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் தட்டு. முன்னைவிட மெல்லியதாக.

சரி, வழிக்கு வருகிறார் என்று நினைத்தான். இன்னும் ஒரு படி இறக்கினான். திரையில் வீரன் தடுமாற ஆரம்பித்தான். கூட ஆடியவன் ஒருவன் காதுக்குள் கத்தினான்: "யோவ், என்னய்யா நடக்கிற? தூங்கிட்டியா?" மீண்டும் தட்டு. இன்னும் மெல்லியதாக, சுவரின் கீழ்ப்பக்கத்திலிருந்து. கட்டிலில் சாய்ந்தபடியே தட்டுகிறார் போலிருக்கிறது, என்ன சொகுசு என்று கிதேவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு எழுந்தான். கதவைத் திறந்து நடைக்கு வந்தான். எட்டாம் அறைக்கு முன்னால் நின்று கையை ஓங்கினான். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் வந்தான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கதவைத் தட்டினால் சண்டை வரும். சண்டை வந்தால் மூன்றாவது புகார். மூன்றாவது புகார் வந்தால் பெட்டி. ரயில் நிலையத்துத் தரை, அட்டை, அந்தக் குளிர், எல்லாம் ஒரு கணத்தில் கண்முன் வந்து போயின. கையை இறக்கிக்கொண்டான். காலுறைச் சத்தம்கூட வராமல் தன் அறைக்குத் திரும்பினான். விளையாட்டு நடுவில் இருக்கும்போதே லேப்டாப்பை மூடினான். ஃபேன் முனகிக்கொண்டே ஓய்ந்தது. ஓய்கிற நேரத்தில் ஒரே ஒரு தட்டு கேட்டது, விரல் நுனியால் தொட்ட மாதிரி. பிறகு இல்லை.

"அப்பாடா" என்றான் கிதே. உள்ளே எவ்வளவு கோபம் இருந்தாலும் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. மூடிய லேப்டாப்பின் சூட்டில் கையை வைத்துக் குளிர் காய்ந்தபடி, வங்கிக்காரரிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது. பயந்து பயந்து ஃபேனை ஒரு படி ஏற்றினான், தட்டு விழவில்லை. இன்னொரு படி ஏற்றினான், அப்போதும் விழவில்லை. கிதேவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை மாதமாகத் தேடிய கோடு அகப்பட்டுவிட்டது! இணையக் கூட்டத்தில் அதைப் படமாகப் போட்டு, 'பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற முதியவர்கூட இன்று ஒரு முறையும் தட்டவில்லை, இதைவிடச் சான்று வேண்டுமா' என்று எழுதினான். பலர் பாராட்டினார்கள். ஒருவன், அந்தத் தாத்தாவை எங்களுக்கும் வாடகைக்கு அனுப்புங்கள் என்று கேலி செய்திருந்தான். நீண்ட நாளைக்குப் பிறகு கிதே வாய்விட்டுச் சிரித்தான்.

சாயங்காலம் மேங் அம்மா நடையில் நின்று எட்டாம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எட்டாம் ரூம் ஐயா! துணி துவைக்கிற முறை இன்னிக்கு உங்களுது. நேத்திலேர்ந்து சாதமும் எடுக்கலை போல, பொறுக்கு அப்படியே ஒட்டிக் கிடக்கு. ஐயா!" பதில் இல்லை. வாசல் அலமாரியில் அவர் செருப்பு இருந்தது. அவள் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து திறந்தாள். திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியதைப் பார்த்துத்தான் கிதே எட்டிப் பார்த்தான்.

பெரியவர் தரையில் கிடந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், கிதேவின் பக்கத்துச் சுவரை ஒட்டி. வலது கை சுவரின் அடியில் மடங்கிக் கிடந்தது. விரல் முட்டிகள் கன்றியிருந்தன. மூங்கில் குச்சி அவருக்கு எட்டாத தூரத்தில், எதிர்ச்சுவரின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொத் பொத் என்று ஏன் கேட்டது என்பது கிதேவுக்கு அப்போது விளங்கியது. ஏன் கீழிருந்து கேட்டது, ஏன் வரவரத் தேய்ந்தது என்பதும் விளங்கியது. பேயறைந்தவன் மாதிரி நின்றான். ஆம்புலன்சில் வந்தவர்களில் ஒருவர், மூளையில் ரத்தம் அடைத்திருக்கிறது, இடது பக்கம் விழுந்துபோயிருக்கும், ஆனாலும் உயிர் உடனே போயிருக்காது, கொஞ்ச நேரம் இருந்திருப்பார் என்று மேங் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த மாடியில் தாழ்ந்த குரலுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. எல்லோருக்கும் கேட்டது.

போலீஸ்காரர் இளைஞர். மரியாதையாகவே கேட்டார். "நீங்கதான் பக்கத்து ரூமா? ஞாயித்துக்கிழமை உள்ளதானே இருந்தீங்க? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்லைங்க" என்றான் கிதே.

"விழுந்த சத்தம், கூப்பிட்ட சத்தம், எதுவும்?"

"எதுவும் கேக்கலைங்க. நான் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு இருந்தேன்."

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை, அதற்கு என்ன இருக்கிறது? ஆறாம் ரூம்காரர்கூடத் தோளைத் தட்டி, பக்கத்திலேயே நடந்திருக்கு, பயந்துட்டீங்க போல என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மா தல்சுவுக்குச் சொந்தம் என்று யாரும் வரவில்லை. ஆதரவற்றவர்களுக்கு மாநகராட்சி செய்கிற சடங்குதான். மேங் அம்மாவும் கிதேவும் போனார்கள். பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று அங்கிருந்தவர் கேட்டபோது மேங் அம்மா கிதேவைப் பார்த்தாள். கிதே வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றான், இறந்தவருக்கென்று கிண்ணத்தில் சாராயம் ஊற்றினான், தரையில் நெற்றி பட இரண்டு முறை வணங்கினான். செய்யத் தகுதியில்லாத காரியத்தைச் செய்கிறோம் என்று உடம்பெல்லாம் கூசியது. அழ வேண்டும் போலிருந்தும் அழுகை வரவில்லை.

திரும்பும் வழியில், பஸ்ஸில், மேங் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "உங்க மேல அவருக்கு ஒரு பிரியம் இருந்துச்சு, தெரியுமா? லீவு நாள்ல ஆறாம் ரூம்காரர் உங்களைப் பத்திப் புகார் சொன்னப்பல்லாம் இவர்தான் வந்து நிப்பாரு. விடும்மா, பகல்ல இந்த மாடியில எனக்குத் துணைன்னு அந்தச் சத்தம் ஒண்ணுதான் இருக்கு, ஏறினா நானே சுவத்தைத் தட்டிச் சொல்லிடறேன், அவனை அனுப்பிடாதேம்பாரு."

"புகார் சொன்னது... ஆறாம் ரூமா?"

"பின்ன? எட்டாம் ரூம் ஐயா உங்களைப் பத்தி ஒரு நாளும் எதுவும் சொன்னதில்ல."

கிதே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அறை ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. பார்சல் கிடங்கில் இரவு முழுக்கப் பெட்டி ஏற்றிவிட்டுப் பகலில் தூங்குகிற ஒரு முரட்டு ஆள் எட்டாம் அறைக்கு வந்தான். வந்த இரண்டாம் நாளே கிதேவின் ஃபேன் எகிறியது, சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. கிதே ஃபேனைக் குறைக்கவில்லை. நாற்காலி கவிழ எழுந்தான், நடையில் ஓடினான், இரண்டு கையாலும் எட்டாம் கதவை இடித்தான்.

"திறங்க! திறங்க! என்ன ஆச்சு?"

கதவைத் திறந்தவன் பனியனோடு நின்றான். "என்ன ஆச்சா? யோவ், சத்தத்தைக் குறைன்னு தட்டினா கதவை உடைக்கிறியா?"

"சத்தம்தானா? வேற ஒண்ணுமில்லையே? உடம்பு நல்லா இருக்கா?"

"நல்லா இருந்துச்சு. நீ வந்தப்புறம்தான் நெஞ்சு படபடங்குது" என்று அவன் கதவை அறைந்தான்.

ஒரு முறை என்றால் போகட்டும். தட்டு விழும்போதெல்லாம் கிதே ஓடினான். வாங்கிக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினான். கடைசியில் அந்த ஆள் நடையில் அவனை மடக்கி, உள்ளங்கையில் இருந்த இரண்டு ரப்பர் அடைப்பான்களைக் காட்டினான். "பாத்தியா? காதுல வைக்கிறது. இனி நீ ரயிலே ஓட்டினாலும் நான் தட்ட மாட்டேன். நீயும் என் கதவுப் பக்கம் வராத. கும்பிடறேன், ஆளை விடு."

சொன்னபடியே தட்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் கொண்டாடியிருப்பார்கள். கிதேவுக்கு வேலை ஓடவில்லை. திரையில் வீரனை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பக்கம் குறட்டை கேட்டால் நிம்மதியாக இருக்கும். கேட்காவிட்டால் எழுந்து நின்றுவிடுவான். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் குறட்டை கேட்கவில்லை. கட்டில் கிறீச்சிடவில்லை, இருமல் இல்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தான். செருப்பு அலமாரியில் இருந்தது.

கதவைத் தட்டக் கூடாது என்று கும்பிட்டுச் சொல்லியிருக்கிறான். கிதே அறைக்கு வந்து ஃபேனை ஒரு படி ஏற்றினான். சுவரில் காதை வைத்தான். ஒன்றும் இல்லை. இன்னொரு படி ஏற்றினான். பிறகு இன்னொன்று. தட்டு, ஒரு தட்டுத் தட்டிவிடு என்று முணுமுணுத்துக்கொண்டே முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டான். மேஜையில் இருந்த கரண்டி நடுங்கியது. அந்தச் சத்தத்தை அந்த லேப்டாப் அதுவரை போட்டதேயில்லை. எட்டாம் அறையிலிருந்து மட்டும் பதிலில்லை.

மற்ற கதவுகள் திறந்தன. "விமானம் கிளம்புதா?" என்று ஆறாம் ரூம்காரர் கத்தினார். மேங் அம்மா சாதக் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"போதும் ஏழாம் ரூம்காரரே! இதான் மூணாவது. பெட்டியைக் கட்டுங்க."

"கட்டறேங்க. இன்னிக்கே கட்டறேன். முதல்ல எட்டாம் ரூமைத் திறங்க."

"எதுக்கு?"

"தட்ட மாட்டேங்கிறார்."

மேங் அம்மா திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இடுப்பிலிருந்த கொத்தில் சாவியைத் தேடினாள். கதவு திறந்தது. அந்த முரட்டு ஆள் குப்புறப் படுத்து, தலையணையில் முகம் புதைத்து, காதில் அடைப்பான்களோடு கிடந்தான். வெளிச்சம் பட்டதும் முழங்கையை ஊன்றி எழுந்து, கதவில் நின்றவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்ட ஆரம்பித்தான்.

கிதே நடையின் தரையில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, சடங்கன்று வராத அழுகையெல்லாம் அழுதான். சத்தம் போட்டு அழுதான். அந்த மாடியில் அப்படி யாரும் அழுததில்லை. திட்டிக்கொண்டிருந்தவன்கூட வாயை மூடிக்கொண்டான்.

மேங் அம்மா எட்டாம் கதவை மெல்லச் சாத்தினாள். மற்றவர்களைக் கையாலேயே உள்ளே போகச் சொன்னாள். ஏழாம் அறையில் ஃபேன் இன்னும் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. அவள் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி கேட்டாள்.

"அன்னிக்கு மா ஐயா தட்டினாரா?"

முழங்காலில் முகம் புதைத்தபடியே அவன் சொன்னான்.

"தட்டினார்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஃபேனைக் குறைச்சேன்" என்றான் கிதே.